பால்தேத்தண்ணி இல்லாத கடை

பாரிஸ்
9.3.1986

என் அன்புக்குரியவளுக்கு,

உம்முடைய கடிதம் நாற்பது நாள் கழித்து நேற்றுத்தான் வந்தது. காய்ச்சலோடு கிடந்த பிள்ளையை யாழ்ப்பாணம் கொண்டுபோக, மூன்று நாளாக நயினாதீவிலிருந்து போட் ஓடவில்லை என்று எழுதியிருந்தீர். நான் முகமே காணாத பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று நீர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்று நடந்ததைச் சொல்கிறேன். நேற்றிலிருந்து நான் சாப்பிடவில்லை என்று, என்னோடு அறையில் இருக்கும் மடத்துவெளிச் சிவகுரு அண்ணை ஒரு கடைக்குக் கூட்டிப்போனார்.

"யூதற்றை கடை. பண்டி இறைச்சி இல்லை, சட்டியும் சுத்தம். பயப்பிடாமல் சாப்பிடும்," என்றார்.

பாணுக்குள் கோழி இறைச்சி வைத்து, கேட்டவுடனேயே தருகிறார்கள். நான் பால்தேத்தண்ணியும் கேட்டேன். கடைக்கார அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டு, பிரெஞ்சில் ஏதோ சொன்னா.

"இறைச்சி விக்கிற இடத்திலை பால் வைக்க மாட்டினமாம். குட்டியைத் தாய்ப்பாலிலை அவிக்கக்கூடாதெண்டு அவையின்ரை வேதத்திலை இருக்காம்," என்றார் அண்ணை.

ஒரு ஆட்டின் பாலுக்கு இங்கே இவ்வளவு மரியாதை.

பாண் கையிலேயே ஆறிப்போனது. பால் கட்டி நோகிறது, பால் வற்றட்டும் என்று அக்கா மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டிவிட்டா என்று கடிதத்தின் ஓரத்தில் நீர் எழுதியிருந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இது உமக்குக் கிடைக்கும்போது பால் வற்றியிருக்கும். வற்றிவிட்டது என்று மட்டும் எனக்கு எழுத வேண்டாம்.

உம்முடைய பிள்ளையின் அப்பா