விதைப்பானையில் எடுத்த பயறு

1998, மார்ச் 3

உரக்கடையில் அவருக்கு இனாமாகக் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சியின் படம், பக்கத்தில் அதைக் கொல்லும் மருந்தின் பெயர். அவருக்கு எழுத என்ன இருக்கிறது? எனக்குத்தான் இருக்கிறது. மாமியார் போய் இரண்டு வருஷம் ஆகிறது, வீட்டில் பேச ஆளில்லை. என் புருஷன் ஏகாம்பரம் நிலத்திலிருந்து வந்தால் சாப்பாடு, பிறகு தூக்கம்.

இன்று கண்ணாடியைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டேன்.

ஐந்தாம் மாதத்தில் வயிற்றில் இருந்தது கலைந்த பிறகு இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு விழுந்தது. எங்கள் ஊர் மானாம்பதியில் பிள்ளை போனதை விசாரித்தவர்களைவிட மங்கு வந்ததை விசாரித்தவர்கள்தான் அதிகம். உத்திரமேரூர் பஜாரில் கிதர் முகம்மது பாய் ஃபேன்சி ஸ்டோரில் கிரீம் கிரீமாக வாங்கிப் பூசினேன். கடைசியில் அவரே ஒரு டியூப்பை எடுத்துக் கொடுத்தார். "ஒரே வாரத்துல பளிச்சினு ஆயிடும்மா. என் வூட்லயே போடறாங்க" என்றார். பளிச்சென்றுதான் ஆனது. நிறுத்தினால் முகம் வெந்த மாதிரி சிவந்து உரிகிறது, திரும்பப் போட்டால் அடங்குகிறது. காஞ்சிபுரத்துத் தோல் டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்திவிட்டேன். அந்த பாயை மட்டும் மன்னிக்கப் போவதில்லை.

மார்ச் 11

எலுமிச்சைச் சாறும் மஞ்சளும் குழைத்துப் பூசிக்கொண்டு, கழுவியும் கழுவாமலும் கழனிக்குச் சோறு எடுத்துப் போனேன். வெயில் பட்டு நெற்றி முழுக்கக் கருகிவிட்டது. "கொழம்புக்குப் போடறத மூஞ்சில போட்டுக்கினா இன்னா ஆவும்?" என்று அவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

மார்ச் 20

வெறும் பயத்தமாவு. மூன்று நாள் ஆகிறது. எரியவில்லை.

மார்ச் 29

இனி கடைச் சாமான் எதுவும் இந்த வீட்டுக்குள் வராது. சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், பவுடர் எல்லாவற்றையும் குப்பைமேட்டில் கொட்டினேன். தலைக்குச் சீயக்காய், பல்லுக்கு உமிக்கரி. குளிக்கப் பச்சைப்பயறும் ஏரிக்கரை ஆவாரம்பூவும் பூலாங்கிழங்கும் சேர்த்து அரைத்த மாவு. முதல் தடவை மில்லில் கொடுத்தேன். எனக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது எந்திரக்கல்லில் நானே அரைத்து, துணியில் சலித்துக்கொள்கிறேன்.

அவர் மோட்டார் கொட்டாயில் பேஸ்ட்டும் பிரஷ்ஷும் ஒளித்து வைத்திருக்கிறார். பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12

பவளம் வந்துவிட்டாள், பிரசவத்துக்கு. அவர் தங்கை. அம்மா இல்லாத வீடு, அண்ணிதான் பார்க்க வேண்டும். வாசற்படி ஏறும்போதே, "அண்ணி, மூஞ்சில இன்னா அது, அடுப்புக்கரியா?" என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

பயறு அடித்துக் காயவைத்தாகிவிட்டது. சாப்பாட்டுக்கு ஒரு மூட்டை, விதைக்குப் பானை அடுக்கில் மேல்பானை. போன வருஷம் வரை விதைக்கு அவர் என்னிடம்தான் அடுப்புச் சாம்பல் கேட்பார். சாம்பல் போட்டும் வண்டு விழுந்துவிட்டதென்று இந்த வருஷம் உரக்கடையில் ஏதோ வெள்ளைப் பொடி வாங்கி வந்து கலந்துவிட்டார்.

அடுப்புக்கரியாம். ஏழு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் என்ன வேண்டுமானாலும் பேசலாம் போலிருக்கிறது.

ஜூன் 9

பெண் குழந்தை. இரண்டும் நலம். என் கையில்தான் முதலில் கொடுத்தார்கள்.

பவளத்தின் புருஷன் அரவிந்தன் மாகறலிலிருந்து வந்தான். பாய் கடையில் வாங்கிய பேபி சோப்பு, பவுடர், எண்ணெய், எல்லாம் ஒரே டப்பாவில். வாங்கிப் பரண்மேல் போட்டேன்.

ஜூன் 21

பவளமே கேட்டாள். "அண்ணி, உன் மூஞ்சி நல்லாத் தெளிஞ்சிக்கீது. அந்த மாவையே புள்ளைக்கும் போடேன்." இதைக் கேட்கத்தானே இரண்டு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தேன்.

காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் குப்புறப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மாவைக் குழைத்துத் தேய்த்தேன். அழவே இல்லை. குளிப்பாட்டி, துவட்டி, தூங்க வைக்கிற வரைக்கும் அது என் பிள்ளை. அதற்குப் பிறகு பவளத்தின் பிள்ளை.

ஜூலை 2

மாவு தீர்ந்துவிட்டது. மூட்டையில் கையை விட்டால் பயறெல்லாம் வண்டு, பொத்தல். பச்சைக் குழந்தைக்கு இதையா அரைப்பது? அடுக்கில் மேல்பானையைத் திறந்தேன். மணி மணியாக, ஒரு வண்டுகூட இல்லை. மேலே சாம்பல் படிந்திருந்தது. முறத்தில் போட்டு நன்றாகப் புடைத்து, இரண்டு படி அரைத்துச் சலித்துவிட்டேன். நல்லதைத்தான் விதைக்கு எடுத்து வைக்கிறார்கள். பிள்ளைக்கும் நல்லதையே போடுவோம்.

ஜூலை 5

என் முகம் திரும்பவும் எரிகிறது. வெயில்தான்.

நான் கழனிக்குப் போன நேரத்தில் பவளம் பரண்மேல் இருந்த டப்பாவை இறக்கி, குழந்தையை அந்த சோப்பு போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறாள். அப்படியொரு சண்டை போட்டேன். "ஒரு நாளைக்குத்தானே அண்ணி, இன்னாத்துக்கு இப்டி குதிக்கற" என்கிறாள். குழந்தைக்கு முதுகில் சிவப்பாகப் பொரிப்பொரியாக இருக்கிறது. பார்த்தாயா, ஒரு நாளிலேயே.

ஜூலை 7

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி. விடியற்காலையிலிருந்து பால் குடிக்கவில்லை, வாந்தி. பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. வேனில் பவளம் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு கத்தினாள்.

குழந்தைக்கு என்ன போட்டுக் குளிப்பாட்டுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். பவளம் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். சோப்பு. கடை சோப்பு.

கடவுளே, அதைப் பிழைக்க வை. எனக்கு எதுவும் வேண்டாம்.

ஜூலை 9

இழுப்பு நின்றுவிட்டது. பால் குடிக்கிறது.

அவர் நேராக உத்திரமேரூர் போய், பாய் கடையில் அந்த சோப்பு டப்பாவை விட்டெறிந்திருக்கிறார். கண்ணாடிப் பெட்டி உடைந்துவிட்டதாம். பஜாரே கூடிவிட்டதாம். "பச்சப்புள்ளய கொல்லப் பாத்தியே பாய்" என்று இவர் கத்த, பாய் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாராம்.

கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதியே வைக்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. என் முகத்துக்கும் சேர்த்து விழுந்த அடி அது.

ஜூலை 15

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. வெந்நீர் தவிர எதுவும் உடம்பில் படக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பால்காரி சிட்டம்மாள் வந்து சொன்னாள், நம் ஊர்ப் பெண்கள் யாரும் பாய் கடைப் பக்கம் போவதில்லையாம். "வெஷத்த விக்கறவன் கடைல யார் வாங்குவா" என்றாள். எனக்கும் மாவு கொடு என்று ஒரு டம்ளர் கேட்டாள். அரைத்துத் தருகிறேன் என்றேன்.

ஜூலை 18

அவர் அடுக்கை இறக்கினார். "விதப்பயறு ரெண்டு படி கொறஞ்சிக்கீதே செல்வி. எலி இத்த துன்னாது, மருந்து போட்டுக்கீது. யார்னா எடுத்தாங்களா?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மருந்து.

ஜூலை 19

ஏப்ரல் 12. டைரியைப் பின்னால் புரட்டினேன், என் கையெழுத்துதான். மங்கு, அடுப்புக்கரி என்று அரைப் பக்கம் ஒப்பாரி வைத்திருக்கிறேன். நடுவில் அந்த ஒரு வரி. 'ஏதோ வெள்ளைப் பொடி.' தெரிந்து எழுதி, எழுதி மறந்து, சாம்பல் என்று நினைத்து, ஐந்து நாள் – சே. என் கையாலேயே. ஒவ்வொரு மடிப்பிலும் பார்த்துப் பார்த்துத் தேய்த்தேனே.

ஜூலை 20

அவரிடம் சொல்லிவிட்டேன். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு, "உன் வாய மூடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "உனக்குப் புள்ள இல்ல. பொறாமையில பண்ணிட்டாள்னுதான் சொல்லுவாங்க. மாகறல்காரங்க சும்மா வுடுவாங்களா? புள்ள நல்லாத்தானே கீது. வுடு."

"அப்போ பாய்?"

"அவன் உனக்குக் குடுத்தானே டியூப்பு. அதுக்கு இதுன்னு வெச்சிக்கோ."

நானும் அப்படித்தான் வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். முடியவில்லை.

மீதி மாவை ஒரு கவரில் கட்டி வைத்திருக்கிறேன். எந்த இடத்தில் கொட்டவும் மனசு வரவில்லை.

ஜூலை 24

பகலில் ஒரு பெண் வந்தாள். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். பாயின் மனைவி சுரையாவாம். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துப்பட்டாவை விலக்கினாள். அதே சிவப்பு. அதே உரிந்த தோல். என் முகம் மார்ச்சில் இருந்த மாதிரியே.

"அந்த டியூப்புதான் அக்கா. எனக்கும் குடுத்தார், நல்லதுன்னு நெனச்சித்தான் குடுத்தார். சோப்பு, கிரீம் எதுவும் இனிமே விக்கமாட்டேன்னு எடுத்து உள்ள போட்டுட்டார். புள்ளைக்கு அப்டி ஆச்சேன்னு சரியா நாஷ்டாகூட துன்றதில்ல. நீங்க ஏதோ மாவு அரைக்கறீங்களாமே. எனக்குக் கொஞ்சம் குடுங்களேன்."

அந்தக் கவர் எனக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இல்லை, தீர்ந்துவிட்டது என்றேன். பரவாயில்லை அக்கா, அரைக்கும்போது சொல்லுங்க, வந்து வாங்கிக்கறேன் என்று போய்விட்டாள்.

என் வூட்லயே போடறாங்க என்று அந்த மனுஷன் சொன்னது பொய்யில்லை. நாலரை மாதமாக அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். என்னை யார் திட்டுவது?

ஜூலை 25

காலை பஸ்ஸில் உத்திரமேரூர் போனேன். உடைந்த கண்ணாடிக்கு அட்டை வைத்து ஒட்டியிருந்தது. கடையில் நோட்டுப் புத்தகமும் ரிப்பனும்தான் இருந்தன. எல்லாவற்றையும் சொன்னேன், பானை, பயறு, பொடி, ஆஸ்பத்திரியில் நான் சொன்னது வரைக்கும். பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். கை மட்டும் ரிப்பனைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"புள்ள நல்லா கீதா?" என்றார் முதலில்.

"நல்லா கீது பாய்."

"இத்த எங்கிட்ட சொல்லி இன்னாம்மா பண்றது? எங்க சொல்லணுமோ அங்க சொல்லு."

வீட்டுக்கு வந்து பவளத்திடம் சொன்னேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு முந்தானையை இழுத்துக் குழந்தையை மூடிக்கொண்டாள், நான் ஏதோ பறிக்க வந்த மாதிரி.

"உனக்கு வயிறு எரிஞ்சா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றாள்.

ஜூலை 26

அரவிந்தன் வந்து பவளத்தையும் குழந்தையையும் அழைத்துப் போய்விட்டான். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அந்த மாவுக் கவரைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வேன் கிளம்பும்போது குழந்தை விழித்திருந்தது.

ஆகஸ்ட் 30

பாய் கடையில் புதுக் கண்ணாடி வாங்கி மாட்டக் காசு எடுத்துக்கொண்டு போனேன். வாங்கவில்லை. "ஏகாம்பரம் வந்து பஜார்ல நின்னு சொல்லட்டும்மா. எல்லார் எதிர்லயும் கத்தனான் இல்ல, எல்லார் எதிர்லயும் சொல்லட்டும்" என்றார். நியாயம்தான். இவர் போகமாட்டார். அதனால் நானே கடை வாசலில் நின்று, பஸ்ஸுக்கு நின்றிருந்த நம் ஊர்ப் பெண்களிடம் சொன்னேன். சிட்டம்மாளும் இருந்தாள். மாவு கேட்டவள். தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

கடையில் ஒரு சோப்பு வாங்கினேன்.

செப்டம்பர் 17

மாகறலில் குழந்தைக்குப் பெயர் வைத்தார்களாம். சிட்டம்மாள் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனது காதில் விழுந்தது. பெயர் என்ன என்று ஓடிப்போய்க் கேட்க வாய் வரவில்லை.

அக்டோபர் 4

முகம் தெளிந்துவிட்டது. வெறும் தண்ணீரில்தான் கழுவுகிறேன். கண்ணாடியைத் திருப்பவில்லை, தடவிப் பார்த்தே தெரிகிறது.

தை விதைப்புக்கு அவர் புதுப் பயறு வாங்கி வந்து, மருந்து கலந்து, அடுக்கில் மேல்பானையில் போட்டு மூடினார். நான் கழனிக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தேன். பானையின் வயிற்றில் சுண்ணாம்பால் பெரிய எழுத்தில் 'விஷம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார். இந்த வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான். கலந்தவர் அவர்.