முந்தும் லேனில் உன் அப்பா

அன்பு மகளே, அம்மா எழுதுகிறேன். நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் தினமும் எழுந்திருக்கிறேன், நாங்களும் இதுவரை நன்றாகவே இருக்கிறோம். இதுவரை என்று எழுதியதைப் பார்த்துப் பதறாதே, முழுதும் படி. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய், எப்படிச் சொல்வது, உன் அப்பாதான் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டு எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி பேசுகிறவராயிற்றே. இப்போது டயாலிசிஸ் மையத்தின் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா ஓட்டும் வேனில் அழைத்துவந்த நாலு நோயாளிகளும் உள்ளே மெஷினில் படுத்திருக்கிறார்கள், அப்பா வெளியே வண்டியில் தூங்குகிறார். மணி ஒன்றரை. நாலரைக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு அதே ஹைவேயில் திரும்ப வேண்டும். அதை நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

வீட்டில் எல்லாரும் நலம். உன் அண்ணன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, போட்டோ எடுக்கலாம் என்றால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். சமையலறைச் சுவரில் மறுபடியும் ஈரம் ஏறுகிறது, மேல்வீட்டுக்காரர் தன் குழாய் சரியாகத்தான் இருக்கிறது என்று சாதிக்கிறார். நீ விட்டுப்போன கம்பளிச் சட்டையை நான்தான் போட்டுக்கொள்கிறேன், திட்டாதே. இதெல்லாம் சும்மா. எழுத வந்ததை எழுதப் பயந்துகொண்டு எதை எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாயே, வேலைக்குப் போகும்போது ஒரு கிழம் முந்துற லேன்லயே உக்காந்துக்கிட்டு நகர மாட்டேன்னுச்சு, லைட் அடிச்சேன், ஹாரன் அடிச்சேன், கடைசியில உள்பக்கமா புகுந்து வந்துட்டேன்மா என்று. அப்பாவும் உன்னோடு சேர்ந்து சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் வாயே திறக்கலை என்று கேட்டாய், அடுப்பில் பால் இருக்கிறது என்று மழுப்பினேன். போனை வைத்த பிறகு அப்பா, நம்மளையும் அப்படித்தான் திட்டுவாங்க இல்ல என்று கேட்டார். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஆமாம், உன் அப்பாவும் இப்போது முந்துகிற லேனில் உட்கார்ந்திருக்கிற ஒரு கிழம்தான். நம்ப மாட்டாய். அந்த காலி மைதானத்தில் உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது எத்தனை கெடுபிடி, அந்த லேன் யார் வீட்டு வரவேற்பறையும் இல்ல, வந்த வேலை முடிஞ்சா கிளம்பு, முந்தின வண்டியோட ரெண்டு விளக்கும் நடுக்கண்ணாடியில தெரிஞ்சதும் உள்ளே வந்துடு என்று உன்னை அழ வைத்தவர். அவருக்குக் கழுத்து எலும்பு தேய்ந்து பத்து மாதமாகிறது, உனக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். டாக்டர் கொடுத்த கழுத்துப் பட்டையை அலமாரியில் போர்வைக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறார். தன் ஜன்னல் பக்கம் ஓரளவு திரும்புகிறது, பக்கத்துச் சீட்டில் நான் உட்காரும் இடது பக்கம் சுத்தமாகத் திரும்பாது. கல்யாணமானதிலிருந்து நான் பேசினால் திரும்பிப் பார்க்காத மனுஷன், கழுத்துக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது என்று முதலில் கிண்டல்கூட செய்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. உள் லேனுக்குத் திரும்பி வர என் பக்கம்தானே பார்க்க வேண்டும், கண்ணாடியில் தெரியாத இடம் ஒன்று இருக்கிறதே, அதைத் தலையைத் திருப்பித்தானே பார்க்க முடியும். அதற்குப் பயந்துகொண்டு ஒரு லாரியை முந்த வெளியே போனால் அங்கேயே தங்கிவிடுகிறார். பின்னால் வருகிறவர்கள் விளக்கடித்தால், நான் போக வேண்டிய வேகத்துலதான் போறேன், இவனுங்களுக்கு என்ன அவசரம் என்று முறைப்பார். அது திமிர் இல்லை, பயம், எனக்குத்தான் தெரியும். வெளியேறும் பாதை நெருங்கும்போது பாத்தியா என்று கேட்பார், நான் பின்னால் திரும்பிப் பார்த்து வரலாம் என்பேன், அவர் இண்டிகேட்டரைப் போட்டு வருவார். நோயாளிகளுக்குத் துணையாக வருவதற்குத்தான் எனக்கு வேலை, ஆனால் பத்து மாதமாக நான் பார்க்கிற வேலை இதுதான். அலுவலகத்தில் வருஷா வருஷம் கண்ணைப் பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், கழுத்தைத் திருப்பு என்று எவரும் கேட்கவில்லை.

நீ போன் செய்ததற்கு முந்தின வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். திரும்பி வரும்போது எங்கள் நாலு நோயாளிகளில் ஒருவரான தையல்காரம்மாவுக்கு ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தது, நான் பின்சீட்டுப் பக்கம் எக்கி அவர் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன். அப்பா பாத்தியா என்று கேட்டார். பார்க்கவில்லை. ஆனால் பழக்கதோஷம், வாய் தானாகவே வரலாம் என்றது. அவர் வந்தார். அதே நேரம் எங்கள் உள்பக்கமாக ஒரு சின்ன கார் சீறிக்கொண்டு வந்தது. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது, அப்பா ஸ்டியரிங்கை ஒடித்தார், வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது, இன்னொரு நோயாளியான ஓய்வுபெற்ற தபால்காரர் நெற்றியை ஜன்னலில் இடித்துக்கொண்டார். காருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கை அகலம் இருந்திருந்தால் அதிகம். ஓட்டியது ஒரு பெண், உன் வயது, உன்னைப் போலவே தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள், கிழம் என்றுதான் சொன்னாள் என்று ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது தெரிந்துகொண்டேன். உள்பக்கமாக முந்தியது அவள் தப்பு, அங்கேயே உட்கார்ந்திருந்தது அப்பா தப்பு, பார்க்காமல் சொன்னது என் தப்பு, மூன்றும் ஒரே நொடியில் ஒரே இடத்தில் வந்து நின்றன.

அதைவிடப் பெரிய தப்பை அதற்குப் பிறகு செய்தேன். அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தி, பாத்துட்டுத்தானே சொன்ன என்று கேட்டார். ஆமாம், அவள் திடீரென்று வந்துவிட்டாள் என்றேன். அவர் உடனே பின்னால் இருந்தவர்களிடம், இவ பாத்துச் சொன்னா தப்பாது, அந்தப் பொண்ணுதான் பறந்து வந்துச்சு என்று எனக்காகப் பரிந்து பேசினார். எனக்கு ஓவென்று அழவேண்டும்போல் இருந்தது. அன்றிலிருந்து எதையும் நம்பிச் சொல்ல முடியவில்லை. இன்று காலையில் அவர் கேட்டபோது மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன், தூரத்தில் ஒரு வண்டி புள்ளியாகத் தெரிந்தாலும் வேண்டாம் வேண்டாம் என்றேன். வெளியேற வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது, பதினாலு கிலோமீட்டர் சுற்றி வந்தோம். அரை மணி தாமதம். தபால்காரர் மட்டும், கடிதம் தப்பான ஊருக்குப் போயிருந்தா இந்நேரம் என் வேலை போயிருக்கும் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். அவர் நெற்றியில் அந்த வீக்கம் இன்னும் இருக்கிறது.

இதற்கு மேல் எழுதாமல் பேனாவை வைத்துவிட்டு வரவேற்பு மேசைக்குப் போனேன். அங்கிருந்து எங்கள் வண்டிப் பொறுப்பாளருக்குப் போன் செய்தேன். கழுத்தைச் சொன்னேன், பத்து மாதத்தைச் சொன்னேன், பார்க்காமல் வரலாம் என்று சொன்னதையும் சொன்னேன். அவர் பட்டியலைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, வேற டிரைவரை அனுப்புறேன், நாலு மணிக்கு வந்துடுவார், ரெண்டு பேரும் நாளைக்கு ஆபீஸுக்கு வந்து நடந்ததை எழுதிக் கொடுங்கம்மா என்றார். பதினெட்டு வருஷமாக அப்பா ஓட்டிய வண்டி. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் உன் அப்பா என்ன ஆவார் என்று பயமாக இருக்கிறது, என்னோடு பேசாமலே இருந்துவிடுவாரோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. ஆனாலும் உள்ளே படுத்திருக்கிற நாலு பேரும் எங்களை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு வருகிறார்கள்.

உனக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். முந்துகிற லேனில் ஒருவர் நகராமல் போனால் அவர் முதுகில் ஒட்டிக்கொண்டு போகாதே, இடைவெளி விட்டுப் பின்னாலேயே போ, உள்பக்கமாக மட்டும் நுழையாதே. நீ விளக்கடித்ததைப் பார்த்து உனக்கு வழிவிடத்தான் அவர் அந்த நேரம் உள்ளே வந்துகொண்டிருப்பார். நீயும் முந்தியதும் உன் லேனுக்கு வந்துவிடு. வேலைக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போ, திட்டினால் வாங்கிக்கொள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிடு, நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, அவராகச் சொன்னால் கேள், சொல்லாவிட்டால் உன் வண்டியில் ஏதோ ஒரு சத்தம் வருகிறது என்று சொல்லி, அது என்னவென்று கேள்.

மணி மூன்றே முக்கால். அப்பா எழுந்துவிட்டார், கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிகிறார், திரும்பிப் போவதற்காக வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். என் பக்கத்து ஜன்னலைத்தான் ரெண்டாம் தடவையாகத் துடைக்கிறார், எனக்கு நன்றாகத் தெரியட்டும் என்று. வேறு எவனோ வந்து சாவியைக் கேட்பதற்கு முன்னால் நான் போய்ச் சொல்லிவிட வேண்டும். நீ தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இரு, வீடு போய்ச் சேர்ந்ததும் தினமும் ஒரு வரி அனுப்பு. நான் எழுந்து போகிறேன்.

உன் அம்மா