‘ஓ பஸ்’ என்று நான் வாசித்த பலகை

அண்ணை,

இன்று காலை பாரிஸ் லா சப்பலில் மீன் வாங்க நின்றேன். கடைக்காரர் உறைந்த அறக்குளாவை மின்வாளில் கொடுத்து அறுத்தார். இரும்பும் இரத்தமும் கலந்த மணம் மூக்கில் ஏறியதும், உங்கள் உடைந்த மூக்குத்தான் நினைவுக்கு வந்தது. மன்னியுங்கள். செத்தவர்களைப் பற்றி அழகான நினைவுகள் மற்றவர்களுக்கு வரட்டும்.

மண்ணுக்குள் இரும்பைக் கண்டால் கத்தும் அந்த மெசினை நீங்கள் வாங்கியபோது, உங்களுக்குப் புதையல் விசர் பிடித்துவிட்டதாக மார்க்ஸ் டோர்மோய் வீதி முழுக்கக் கதை. பரப்பியது நான்தான். பிரிபெக்சர் கந்தோரில் அனுமதிக் கடதாசி எடுத்தும் உங்களுக்குப் போதவில்லை. காணியில் மெசின் பிடிக்கக் காணிக்காரனின் வாயால் சம்மதம் கேட்கவேண்டும். கோட்டுப் போட்டு, டை கட்டி, ரயிலேறி பிரான்சின் வடக்கே ஊர் ஊராகக் கேட்டுத் திரிந்தீர்கள். மொழிபெயர்க்க நான். என் பிரெஞ்சு கோப்பை கழுவுமிடத்தில் படித்தது. அதில் ஏசத் தெரியும், கெஞ்சத் தெரியாது. ஒருவன் நாயை அவிழ்த்துவிட்டான். அது உங்களை விட்டுவிட்டு என் பின்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. இன்னொருவன் எங்கள் தலைக்கு மேலே சுட்டான்.

“அண்ணை, கேளாமல் பின்பக்கத்தாலை பூருவம்” என்றேன்.

“விசரா, எங்கட காணிக்குள்ளை ஆமி கேட்டே வந்தவன்? நானும் அவனும் ஒண்டோ?”

 ஊரில் உங்கள் காணி வருடக்கணக்காக ஆமியின் கம்பிவேலிக்குள் கிடந்தது. விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், வெடி அகற்றுகிறவர்கள் முடிக்குமுன்னே உங்கள் தம்பி கிணற்றைப் பார்க்க ஓடினார். மிதிவெடி. உரப்பையில் பொறுக்கிக் கொடுத்தார்கள். நீங்கள் இங்கே விசா இல்லாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தீர்கள். ஒருநாள் அந்தக் காணியில் நீங்களே நடக்க வேண்டும். அதற்கு முன் இங்கே மெசினோடு பழக வேண்டும். “காது பழகோணும்” என்பீர்கள்.

அந்தப் பீற்றூட் வயலுக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீதியோரம் ஒரு பலகை, கையால் எழுதி அம்புக்குறி போட்டிருந்தது. வாசித்தேன்: ஓ பஸ். பிரெஞ்சில் ‘ஓ’ என்றால் ‘க்கு’ அல்லவா? கமக்காரன் எழுத்துப் பிழை விட்டிருக்கிறான் என்று சிரித்தேன்.

“அண்ணை, பஸ் இஞ்சைதான் வரும். இருங்கோ.”

அம்புக்குறி காட்டிய இடத்தில் கறள் பிடித்த இரும்புக் குவியல். நீங்கள் அதன்மேல் குந்தி மட்டன் ரோல்ஸைப் பிரித்தீர்கள். மெசினைச் சும்மா தட்டினீர்கள், அது குளறியது.

உழவு இயந்திரத்தில் இருந்து ஒருவன் குதித்து ஓடி வந்தான்.  உங்கள் கழுத்துப்பட்டியைப் பிடித்துத் தூக்கி, முகத்தில் ஒன்று விட்டு, வாய்க்காலுக்குள் எறிந்தான். நான் வீரனாகி மெசினால் அவன் முதுகில் போட்டேன். திருப்பி ஒன்று தந்தான். ஒரு பல்லை அந்த மண்ணில் விட்டுவிட்டு வந்தேன். பிறகுதான் குவியலைக் காட்டிக் கத்தினான்: “ஒபு! ஒபு!”

ஷெல், அண்ணை. O-B-U-S என்று எழுதி ‘ஒபு’ என்று வாசிக்க வேண்டுமாம்; பஸ்ஸே இல்லை. முதலாம் உலகப் போரில் வெடிக்காமல் புதைந்தவை. உழும்போது மேலே வருவதை, எடுத்துப்போக வருகிறவர்களுக்காக வீதியோரம் குவித்து வைக்கிறார்கள். அவனுடைய தகப்பன் உழும்போது அப்படி ஒன்று வெடித்ததாம், மரக்கிளைகளிலிருந்து பொறுக்கினார்களாம். 

நீங்கள் சட்டையெல்லாம் இரத்தத்தோடு எழும்பினீர்கள். “மிசியூ, நாங்கள் உங்கட காணியிலை தேடலாமோ எண்டு கேள்” என்றீர்கள். கேட்டேன்.

“நோன்” என்றான். பிறகு எங்களை ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டான்.

ரயிலில் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னீர்கள்: “தம்பியை இப்பிடி அடிச்சு மறிக்க அங்கை ஒருத்தனும் இருக்கேல்லையடா.”

உங்கள் காணியில் நடக்காமலே, பாரிஸுக்குப் பக்கத்துப் பியர்ஃபித்தில் படுக்கையிலேயே செத்துப்போனீர்கள்.

போன மாதம் உங்கள் மகன் என் வீட்டுக்கு வந்தான். ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டானாம், காணி பார்க்க.

“வெடி எல்லாம் எடுத்திட்டினமோ?”

“ஒரு மூலைதான் மிச்சம். செ போன், தொந்தோன்.” பரவாயில்லை மாமா என்கிறான்.

முப்பது வயதுக்காரன், என்னைவிட ஒரு முழம் உயரம். எட்டித்தான் குத்த வேண்டியிருந்தது. மூக்கில் ஐஸை வைத்துக்கொண்டு என்னைப் பிரெஞ்சில் ஏசினான். எனக்குத் தெரியாத ஏச்சுகள்கூட இருந்தன. என்னோடு இப்போது பேச்சில்லை. வெடி எடுத்து முடியுமட்டும் போகமாட்டானாம்; உங்கள் வீட்டு அக்கா சொன்னா.

அந்தக் கமக்காரனின் கை இப்போது என்னிடம் இருக்கிறது, அண்ணை. முட்டி இன்னும் வீங்கித்தான் கிடக்கிறது.