டிரெட்மில் பார்க்க வந்தவர்கள்

பிரிட்ஜ்வாட்டர், நியூஜெர்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தாமரைக் கண்ணுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி இருக்கிறது. நீ நலமா என்று இத்தனை மாதமும் உன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், இன்று நேராகவே கேட்கிறேன். நீ அலையாத்திக் காடு வளர்க்கும் வேலைக்குப் போன புன்ட்டா சலாயில், ரோமெல் என்ற பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து நான் உன்னோடு பேசவில்லை. போனில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடும், அதனால்தான் கடிதம். சபரி அண்ணன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பக்கத்து வீட்டு சேனாபதி அங்கிள் புது கார் வாங்கி, எங்கள் மெயில்பாக்ஸை இடித்துவிட்டார்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பேஸ்மென்டில் கிடக்கும் டிரெட்மில்லை விற்பதற்கு நெட்டில் போட்டிருந்தேன், அதைப் பார்க்கக் காலையில் ஆள் வருகிறார்கள் என்று உன் அம்மா சொன்னாள். நாலு கார் நிறைய வந்து இறங்கினார்கள். ஆண்கள் எல்லாம் பூவேலை செய்த மெல்லிய வெள்ளைச் சட்டை, பெண்கள் கல்யாணத்துக்குப் போவதுபோல் உடை, கையில் மூடிய தட்டுகள். நம் பழைய டிரெட்மில்லுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். கீழே வாருங்கள் என்று நேராகப் பேஸ்மென்டுக்குக் கூட்டிப்போனேன், இதுதான் நம் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து அவர்களும் வரிசையாக இறங்கினார்கள். நான் பிளக்கைச் செருகி ஓட்டியும் காட்டினேன், எல்லோரும் பணிவாகப் பார்த்தார்கள். நெஸ்டர் என்ற பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் ரோமெலுக்கு உங்கள் பெண்ணைக் கேட்டு வந்திருக்கிறோம் என்றார். மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகுதான் விவரம் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டோடு பெண் வீட்டுக்குப் போய்க் கேட்பது அவர்கள் முறையாம். ரோமெலின் அப்பா அம்மாவுக்கு விசா கிடைக்காததால், ஜெர்சி சிட்டியில் இருக்கும் புன்ட்டா சலாய் ஊர்க்காரர்கள் சங்கமே கிளம்பி வந்துவிட்டது. உன் அம்மாவுக்கு முன்பே தெரியும் என்பது என் சந்தேகம், இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை. சம்மதம் சொல்லாத இடத்தில் நம் பக்கம் கை நனைப்பதில்லை அல்லவா, அதனால் தட்டைத் திறந்தபோது நான் கையைக் கட்டிக்கொண்டேன். வேலைக்காகத்தான் அங்கே இருக்கிறாள் என்று பொறுத்திருந்தேன், ஆயுசுக்கும் அந்தக் கடற்கரையில் பெண்ணைக் கொடுக்க மாட்டேன், ரோடு போட்ட இன்ஜினியர் சொல்கிறேன், அங்கே ஊர் கட்டியதே தப்பு என்றேன். ஆமாம் தப்புதான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ரோமெலின் அத்தை கார்மென் அதற்கு மேல் ஆதாரமும் கொடுத்தார். ஸ்பெயின்காரன் காலத்தில் கட்டிய மாதா கோயிலும் இரண்டு தெருவும் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறதாம், ஊர் இரண்டு தடவை பின்னால் நகர்ந்துவிட்டதாம், மீன் பிடிக்கிறவர்கள் இன்றைக்கும் பேக்கரித் தெருவில் வலை போட்டேன் என்றுதான் சொல்வார்களாம். கடல் கொள்ளைக்காரன் வருகிறானா என்று பார்க்கக் கட்டிய கல் கோபுரம் மட்டும் அசையவில்லை, இப்போது போன் சிக்னலுக்கு அதில் ஏறுகிறார்களாம்.

அந்தக் கோபுரத்தில்தான் உங்கள் பெண்ணும் இருந்தாள் என்று அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார். போன நவம்பரில் லேசான மழை என்று நீ சொன்னாயே, அந்த மழை. உன் அறையின் கூரை பறந்ததும், ரோமெலின் அம்மா மார்பளவு தண்ணீரில் நடந்து வந்து, உன் இடுப்பையும் தன் இடுப்பையும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு கோபுரத்துக்குக் கொண்டுபோனதும் எங்களுக்கு நேற்றுதான் தெரியும். அங்கிருந்து தகவல் கிடைக்கும்வரை இவர்கள் எல்லோரும் இங்கே சர்ச் ஹாலில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம், தேடின பெயர்களில் உன் பெயரும் இருந்ததாம். அந்த நேரத்தில் நான் எடிசன் ஊர் இந்தியக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்திருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, டிரெட்மில்லைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கார்மென் வாழையிலையில் வேகவைத்த தேங்காய்ப்பால் அரிசிப் பண்டம் ஒன்றை என் கையில் வைத்தார். சாப்பிட்டுவிட்டேன். இனிப்பு கொஞ்சம் கம்மி. உன் அம்மா அப்போதே மேலே ஓடிப்போய் எல்லோருக்கும் காபி கலக்க ஆரம்பித்துவிட்டாள்.

நல்ல நாள் பார்த்து எழுது, புயல் மாதம் வேண்டாம். அலையாத்திச் செடி நடுகிறேன் என்று நாள் முழுக்கச் சேற்றில் நிற்காதே, கால் ஊறிப்போகும். ரோமெலின் அம்மாவுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டுச் சொல், பட்டுச் சேலை அவருக்குத்தான் முதலில். கார்மென் அடுத்த வாரம் ஊருக்கு வருகிறார், இந்தக் கடிதத்தையும் அம்மா செய்த தட்டுவடையையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், நீயே எல்லாவற்றையும் தின்றுவிடாதே. இனிமேல் லேசான மழை என்று மட்டும் எங்களிடம் சொல்லாதே, கண்ணு.

நீயும் உன் வீடும் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். புயல் வந்தால் நானும் அந்த ஹாலில் உட்காரவேண்டும் என்று சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். ஊரில் சொந்தம் இருந்தால்தான் சேர்ப்பார்களாம், அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று நெஸ்டர் கேட்டார். மகளும் மருமகனும் என்றேன்.

உன் அப்பா,
குமாரசாமி