குழாய்க்குள் சொன்ன பதில்

ஜூன் 3

என் அருமைக் கொக்குக்கு,

ஒரு வழியாக வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் இடுப்பு வலி, எழுந்தால் முழங்கால் வலி. காதுக்குள் இன்னும் சேறு இருக்கிறது. கடையில் முதலாளி என் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்து, "எங்கேம்மா விழுந்தே?" என்றார். "விழல சார், ஓட்டப் பந்தயத்துல ஓடினேன்" என்றேன். "யாரு துரத்தினா?" என்று கேட்டார். பெண்கள் மட்டும் ஓடும் தடை ஓட்டம், வலைக்கடியில் தவழ வேண்டும், மரச்சுவர் ஏற வேண்டும், குழாய்க்குள் நுழைய வேண்டும் என்று விளக்கினேன். "இதுக்கு எதுக்கு வெளியூர் போகணும், நம்ம ஸ்டோர் ரூமைச் சுத்தம் பண்ணியிருக்கலாமே" என்கிறார். அவரிடம் பேசிப் பயனில்லை.

மரச்சுவரில் உன் தோள் மேல் ஏறி நின்றேனே, வலிக்கிறதா? எண்ணெய் தேய்த்துக்கொள். சேறு படும் என்று என் கண்ணாடியைக் கழற்றி உன்னிடம் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. கண் தெரியாததால் உயரம் தெரியவில்லை, உயரம் தெரியாததால் பயம் வரவில்லை.

இந்தக் கடிதம் அதற்கெல்லாம் இல்லை. குழாய்க்குள் நீ சொன்னதற்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். மூன்று மாதமாக உன்னிடம் கேட்க வாயெடுத்து வாயெடுத்து மூடிக்கொண்டேன். உன் முகத்தைப் பார்த்தாலே வேறு ஏதாவது பேசிவிடுவேன். குழாய்க்குள் தலையைத் திருப்ப முடியாது. நான் முன்னால், நீ பின்னால், ஒரே இருட்டு. அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன். நீ ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லையே! வெளியே வந்து உன்னைக் கட்டிக்கொண்டு அழுதது அதனால்தான். அதற்கப்புறம் நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. முக்கியமான விஷயத்தை நீ இரண்டாம் முறை பேச மாட்டாய் என்று எனக்குத் தெரியாதா?

பஸ் ஏற்றிவிட வந்தபோதே உன் தம்பியிடம் சரி என்று சொல்லிவிட்டேன். அதைக் கேட்டதும் அவர் என் பையைத் தப்பான பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஓடிப் போய் இறக்க வேண்டியதாயிற்று.

என்றும் உன்,
சோடாபுட்டி

ஜூன் 8

அடி சோடாபுட்டி,

கடிதம் கிடைத்தது. நாலு தடவை படித்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

தோள் வலிக்கிறது. என்னிடம் டிரைவிங் படிக்க வருபவர்கள் "என்ன மேடம், ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்திருக்கீங்க" என்று கேட்கிறார்கள். அது போகட்டும்.

குழாய்க்குள் ஒரே இரைச்சல், முன்னாலும் பின்னாலும் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். நீ என்ன கேட்டாய், நான் என்ன சொன்னேன் என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. கொஞ்சம் தெளிவாக எழுது. என் தம்பியிடம் எதற்குச் சரி சொன்னாய்? உன் கடை லிஃப்ட்டுக்கு வருட ஒப்பந்தமா?

இன்னொன்று. என் தம்பியை 'அவர்' என்று எழுதியிருக்கிறாய். மூக்கு ஒழுகிக்கொண்டு நம் பின்னால் ஓடி வந்த காலத்திலிருந்து அவன் உனக்கு 'அவன்' தானே? இந்த மரியாதை எப்போது வந்தது?

அவனிடமே கேட்டுப் பார்த்தேன். "என்னடா விஷயம்?" என்றால், "உனக்குத்தான் எல்லாம் தெரியுமேக்கா" என்று அசடு வழிகிறான். வேலைக்குப் போகும்போது சட்டைக்கு இஸ்திரி போடுகிறான். நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் கிரீஸில் புரளப் போகிறவனுக்கு எதற்கு இஸ்திரி? எனக்கு மண்டை காய்கிறது.

உன் கண்ணாடி உறை என் டிராக் பேன்ட் பாக்கெட்டிலேயே தங்கிவிட்டது. பத்திரமாக இருக்கிறது.

கொக்கு

ஜூன் 12

அன்புள்ள கொக்கு,

விளையாடுகிறாயா, இல்லை நிஜமாகவே மறந்துவிட்டாயா? எனக்கு அழுகை வருகிறது. மறக்கக்கூடிய விஷயமா அது?

சரி, அப்படியே எழுதுகிறேன். குழாய் வாசலில் "நீ முன்னாடி போ, நான் பின்னாடி வர்றேன்" என்றாய். போனேன். பாதி தூரத்தில் முன்னால் போன பெண் நின்றுவிட்டாள், எல்லோரும் நின்றோம். அப்போது கேட்டேன். "உன் தம்பி என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களான்னு கேக்கறார். உனக்குப் பிடிக்கலைன்னா நான் வேண்டாம்னு சொல்லிடறேன். நீ என்ன சொல்றே?" என்று கேட்டேன். பின்னாலிருந்து என் கணுக்காலை இரண்டு தடவை தட்டிக் கொடுத்தாய். "சரின்னு சொல்லுடி. பாவம், எத்தனை நாள்தான் தனியா இருப்பே" என்றாய். இதுதான் நீ சொன்னது. ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதில் என் சூழ்ச்சி ஒன்றும் கிடையாது. நீதான் அவரை அனுப்பினாய். "உங்க கட்டடத்துல லிஃப்ட் வேலைக்கு வர்றான், ஒரு வாய் டீ குடு" என்று நீதான் எழுதினாய். லிஃப்ட்டுக்கு உதிரிபாகம் வரவில்லை, பாகம் வரவில்லை என்று வாரக்கணக்கில் என் மேஜைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் லென்ஸ் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் வாடிக்கையாளருடைய லென்ஸ் என் கையில் உடைந்தது. நான் கை கால் ஓடாமல் நின்றேன். அவர் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே, நிமிராமல், கேட்டார். "ஆனா அக்காகிட்ட நீங்கதான் கேக்கணும். எனக்குப் பயமா இருக்கு" என்றும் சொன்னார். எனக்கு மட்டும் பயமில்லையா?

நீ வேண்டாம் என்றால் இது வேண்டாம் என்றுதான் ஆரம்பத்திலிருந்தே இருந்தேன். நீ சரி என்றாய், நான் சரி என்றேன். இப்போது ஞாபகம் இல்லை என்கிறாயே, நான் என்ன செய்ய?

உன்,
சோடாபுட்டி

ஜூன் 17

குழாய்க்குள் இருந்தது நான் இல்லை.

நான் குழாய்க்குள் வரவே இல்லை. நீ நுழைந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. பாதை ஓரக் கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியேறி, சுற்றிக்கொண்டு நடந்து வந்து, மறுமுனையில் நின்றேன். கையில் சேற்றை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டேன். நீ வெளியே வந்ததும் உன் பின்னால் வந்தவள் போல நின்றுகொண்டேன், கண்ணாடி இல்லாத உனக்கு அது தெரியவில்லை. ஊரே என்னிடம் வண்டி ஓட்டப் பழகுகிறது, நான் ஒரு குழாய்க்குப் பயந்தேன் என்று உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நீ அழுதுகொண்டே திரும்பிக் கட்டிக்கொண்டாய். ஓடி முடித்த சந்தோஷம் என்று நினைத்தேன்.

உன் பின்னால் வந்தவள் யாரென்று எனக்குத் தெரியாது. என் வாயில் 'பாவம்' என்ற வார்த்தை வந்து நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா?

போன் செய்யாதே. நீ அழுவாய், நான் கத்துவேன்.

இப்படிக்கு

ஜூன் 20

அன்புள்ள கொக்கு,

கையெழுத்துக்கூடப் போடாமல் எழுதியிருக்கிறாய். அதையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? கடையில் வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். வாங்கிப் போனவர் வாசல்படியிலேயே தடுமாறினார்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்படியென்றால் என் காலைத் தட்டியது யார்? முன்பின் தெரியாத ஒருத்தியிடமா என் வாழ்க்கையைக் கேட்டேன்? அவள் ஏன் பதில் சொன்னாள்? "நான் உன் தோழி இல்லம்மா" என்று சொல்லியிருக்கலாமே. குரல் வேறாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. குழாய்க்குள் எல்லாக் குரலும் பானைக்குள் பேசுவது மாதிரிதான் கேட்டது. எனக்கு வேண்டிய பதில் வந்ததும் நான் அதைப் பிடித்துக்கொண்டேன் போலிருக்கிறது. அதுவும் சரியாகத் தெரியவில்லை.

குழாய்க்குப் பயந்தாய் என்று என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? நானும் உன்னோடு சுற்றிக்கொண்டு வந்திருப்பேன்.

உன் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அக்காவைக் கேட்கவே இல்லை, யாரையோ கேட்டிருக்கிறேன், அதனால் நான் சொன்ன சரி இப்போதைக்குச் செல்லாது என்றேன். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. "அப்ப அது யாரு?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டார்.

உன் வாயால் ஒரு வார்த்தை வேண்டும். வேண்டாம் என்றாலும் சரி. அவரை விட்டால் கொஞ்ச நாள் அழுவேன், அப்புறம் லென்ஸ் தேய்ப்பேன். நீ இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

உன்,
சோடாபுட்டி

ஜூலை 2

அன்புள்ள கொக்கு,

பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார். திட்டியாவது எழுது. உன் திட்டில்லாமல் நாள் போக மாட்டேன் என்கிறது.

சோடாபுட்டி

ஜூலை 9

அடி சோடாபுட்டி,

எழுதி எழுதிக் கிழித்தேன். அதுதான் தாமதம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உன் பின்னால் நான் வந்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். கோபத்தில் இல்லை, பயத்தில். எனக்கென்று இருப்பது நீங்கள் இரண்டு பேர்தான். அவனைப் பற்றி உன்னிடம் புலம்புவேன், உன்னைப் பற்றி அவனிடம் கேலி பேசுவேன். இனி நீங்கள் இருவரும் ஒரு பக்கம் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசுவீர்கள். நான் யாரிடம் போய்ப் பேசுவது? இதைத்தான் இத்தனை நாளாகக் கிழித்துப் போட்டேன்.

போன வாரம் ஒரு பெண் வண்டி ஓட்டப் பழக வந்தாள். மேட்டில் வண்டி நகரவே இல்லை. "ஆக்சிலரேட்டரை மிதிம்மா" என்று கத்துகிறேன். அவள் திருதிருவென்று முழித்து, "மேடம், நான் மிதிச்சுட்டுத்தான் இருக்கேன். உங்க பக்கத்து பிரேக்குல உங்க கால் இருக்கு" என்றாள். குனிந்து பார்த்தேன். இருந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவளுக்கு அன்றைக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன்.

வீட்டில் என் தம்பி சமையலறைக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தான். "டேய், நான் வேண்டாம்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன். "நீ வேண்டாம்னா வேண்டாம்க்கா" என்றான். சொல்லிவிட்டு ஸ்பானரைத் திருகிக்கொண்டே இருந்தான். மரை தேய்ந்து, குழாயே கையோடு வந்துவிட்டது. வீடெல்லாம் தண்ணீர். ஊரில் உள்ள லிஃப்ட்டையெல்லாம் ரிப்பேர் செய்கிறவன், முகத்தில் தண்ணீர் அடிக்க அடிக்க, அடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான். பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அவனை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். வலையையும் சுவரையும் எடுத்துவிட்டார்கள், குழாய் மட்டும் ஓரமாகக் கிடந்தது. எதற்கு என்று கேட்டான். எனக்கே தெரியாதபோது அவனுக்கு என்ன சொல்ல? "பின்னாடி வா" என்று சொல்லிவிட்டு நுழைந்தேன். உள்ளே எப்படி இருந்தது என்று எழுதப் போவதில்லை. பாதியில் கை கால் மரத்துவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. "செத்தேன்டா" என்று கத்தினேன். அப்போது பின்னாலிருந்து இவன் என் கணுக்காலைத் தட்டினான். "போக்கா, நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல" என்றான்.

நீ சொன்னது சரிதான். குழாய்க்குள் முகம் தெரியாது. அதனால்தான் என்னாலும் சொல்ல முடிந்தது. "அவளுக்குச் சரின்னு சொல்லுடா" என்றேன். அவன் அழுதானா சிரித்தானா என்று தெரியவில்லை. உள்ளே எல்லாச் சத்தமும் ஒன்றாகத்தான் கேட்கிறது.

சந்தோஷமாக இருக்கிறேனா என்று கேட்காதே. இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண் யார் என்று தினமும் யோசிக்கிறேன். ஓட்டத்தின் புகைப்படங்களை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் சேற்று முகங்கள், யாரைப் பார்த்தாலும் உன்னைப் போலவே இருக்கிறது. அவளைக் கண்டால் காலில் விழுவதா, ஒரு அறை விடுவதா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள். அவளுக்கு அது எவ்வளவு சுலபமாக வந்திருக்கிறது பார்.

அடுத்த வருட ஓட்டத்துக்கு நம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை குழாய்க்குள் நான் முன்னால் போவேன். நீ பின்னால் வா. நடுவில் யாரையும் விடாதே.

கண்ணாடி உறையை இவனிடம் கொடுத்து அனுப்பலாம் என்று நினைத்தேன். வேண்டாம், நீயே வந்து வாங்கிக்கொள். பையைச் சரியான பஸ்ஸில் ஏற்று.

உன்,
நாத்தனார்