கோட்டுக் கையில் இருந்த கறை

ஆம்பூர்,
12-2-1934

அன்பு மகன் ஞானமுத்துவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே அப்பா, நான், தங்கச்சி சௌந்தரம் எல்லோரும் சுகம், பம்பாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். உன் கடுதாசி வந்தது, படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர் சுப்பராயன் மூக்குப்பொடி போட்டுவிட்டு, ஆணியில் மாட்டியிருக்கும் உன் கோட்டில் விரலைத் துடைக்கிறாராம், பெரியவர் மனம் நோகுமே என்று நீ பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறாயாம், கறை போக எதைப் போட்டுத் துவைக்கலாம் என்று என்னைக் கேட்கிறாய். நன்றாயிருக்கிறது நியாயம்! அது கோட்டா, அவர் வீட்டுக் கரித்துணியா?

கிறிஸ்மஸுக்கு நீ வந்தபோது அந்தக் கறையைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமல்லவா, தோல் கம்பெனியில் தோல் ஊறவைக்கும் பட்டைத் தண்ணீரில் நனைந்த சட்டையை அப்பா உன் கோட்டின்மேல் மாட்டிவிட்டார் என்று நினைத்தேன். பிள்ளை கோட்டைப் பாழாக்கிட்டீங்களே, இனிமே உங்க சட்டை வூட்டுக்குள்ள வரக்கூடாது என்று உன் எதிரில்தான் கத்தினேன். அந்த மனுஷர் சட்டையை எடுத்துப்போய்ப் பின்பக்க வேலியில் மாட்டினார், இன்றுவரை வேலை விட்டு வந்தால் சட்டை அங்கேதான். அம்மா, அது பட்டை இல்லை, பொடி என்று சொல்ல உனக்கு வாய் இல்லையா? யாரோ ஒருவர் மனம் நோகக்கூடாது, பெற்ற அப்பா மனம் நோகலாமா? நினைக்க நினைக்க ஆத்திரமாய் வருகிறது.

சண்டை போடாதே, துரையிடம் கோள் சொல்லவும் போகாதே. இதோடு இரண்டு கைக்குட்டை அனுப்பியிருக்கிறேன், மூலையில் சௌந்தரம் சிவப்பு நூலால் சுப்பராயன் பெயரைத் தைத்திருக்கிறாள். அவர் பொடி டப்பியைத் திறக்கும்போது கொடுத்து, எங்க அம்மா உங்களுக்குன்னே அனுப்பினாங்க, இனிமே இதுலே தொடச்சிக்கங்க, கோட்டு வேணாங்க என்று சிரித்த முகமாகச் சொல். கறைக்குச் சவுக்காரம் போட்டு வெந்நீரில் ஊறவை, ஆனால் முதலில் சொல், பிறகு துவை.

உன் கடுதாசியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அழுதுகொண்டே போய்ச் சட்டையை உள்ளே எடுத்து வரப் பார்த்தேன், தடுத்துவிட்டார். இருக்கட்டும் உடு, அந்தாளுகிட்ட வாயத் தொறந்து சொல்லிட்டேன்னு பையன் எழுதட்டும், அப்புறம் உள்ள மாட்டிக்கிறேன் என்றார். இங்கே பனி இன்னும் விடவில்லை, காலையில் அந்த ஈரச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். ஆண்டவர் உனக்கு நல்ல சுகமும் கொஞ்சம் வாயும் கொடுக்கட்டும். சீக்கிரம் பதில் போடு.

கோபம் ஆறாத உன் அம்மா,
அன்னம்மாள்