பலகையில்தான் கோளாறு

இன்று காலை நம் அலைப்பலகையை இறக்கினேன். புதுக் குஞ்சு வருகிறது, கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பதை எடு என்று அப்பா நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கயிற்றை அறுத்து, கீழே வைத்துத் துடைத்தபோது, பக்கவாட்டில் நான் மார்க்கர் பேனாவால் போட்ட கோடுகள் மூன்றும் அப்படியே இருந்தன. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஒன்றுக்கு மேல் ஒன்று. கோழித் தூசி ஒரு வருடம் படிந்தும் ஒன்றுகூட அழியவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை என்று தெரியும். உயிரோடு இருந்தபோதே நான் நீளமாக எதை அனுப்பினாலும் படிக்க மாட்டாய். "சுருக்கமா சொல்லுடா, வண்டியில புள்ளைங்க இருக்காங்க" என்பாய். இதையும் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு வரி போதும். அந்த வரியை எழுத இன்னும் கை வரவில்லை. அதனால் வரிசையாகச் சொல்லி அங்கே போய்ச் சேருகிறேன்.

பாலிடெக்னிக்கில் நாம் ஒரே பெஞ்சு. உன் அப்பா இறந்ததும் நீ படிப்பை இரண்டாம் வருடத்தோடு நிறுத்திவிட்டு, சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்தில் அவர் ஓட்டிய பள்ளிக்கூட வேனை எடுத்துக்கொண்டாய். நான் முடித்துவிட்டு, நாமக்கல்லில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஃபைபரில் முகப்பு செய்கிற பட்டறையில் சேர்ந்தேன். நம் ஊரிலிருந்து கடலுக்கு ஐந்து மணி நேரம். நின்றுகொண்டே துடுப்புப் போட்டு அலை ஏறுகிற கிறுக்கு நமக்கு எப்படிப் பிடித்தது என்று யாராவது கேட்டால், அதற்கு நீதான் காரணம் என்பேன். புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு கரையில் வாடகைக்கு எடுத்த பதினோரு அடிப் பலகையில் முதல் நாளே விழாமல் நின்றாய். வேன் ஓட்டுகிறவனுக்குக் காலில் ஒரு நிதானம் இருக்கும்போல. நான் விழுவதை எண்ணிக்கொண்டிருந்த நீ, ஒரு கட்டத்தில் சலித்துப்போய் நிறுத்திவிட்டாய்.

நீளப் பலகை குளத்துக்குச் சரி. அலையில் அது லாரி. நேராகப் போகும், திரும்பாது, அலை உடைந்தால் மூக்கைக் குத்திக்கொண்டு ஆளை எறியும். "ஆட்டோ மாதிரி திரும்பணும்டா" என்றாய். குட்டையான பலகை வேண்டும். நீளத்தைக் குறைத்தால் மிதப்பு குறையும். குறைந்ததை அகலத்திலும் தடிமனிலும் மீட்க வேண்டும். உன் எடையைக் கேட்டுக்கொண்டு கணக்குப் போட்டேன். ஏழே முக்கால் அடி. நீ அசையாமல் நின்றால் பலகையின் மேல்விளிம்பு தண்ணீருக்கு ஒன்றரை விரல் மேலே இருக்க வேண்டும். அதற்கு மேல் சொகுசு கிடையாது.

முதல் பலகை பட்டறையிலேயே செத்தது. அவசரத்தில், லாரி முகப்புக்கு ஊற்றுகிற அதே ரெசினைப் பலகையின் உடம்பான தெர்மோகோல் மேல் ஊற்றிவிட்டேன். கற்பூரம் போலக் கரைந்து குழியானது. முதலாளி வந்து எட்டிப் பார்த்து, "ஏனப்பா, லாரிக்கு மூஞ்சி செய்யச் சொன்னா கடலுக்குக் குழி வெட்டறயா?" என்றார். நீ வேன் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு தெர்மோகோலைக் கரைக்காத எப்பாக்ஸி ரெசின் வாங்கி இரண்டாவதைச் செய்தேன். இன்று இறக்கியது அதைத்தான்.

ஜூன் மாதம் எங்கள் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் அதை இறக்கிச் சோதித்தோம். நீ நடுவில் துடுப்போடு நின்றாய். நான் கழுத்தளவு தண்ணீரில் நின்று, நீர் தொட்ட இடத்தில் கோடு போட்டேன். என் கணக்கு சரியாக வந்தது. ஒன்றரை விரல். அந்த மாத இரண்டாம் சனிக்கிழமை வேன் மேல் கட்டி எடுத்துக்கொண்டு போனோம்.

அன்று உனக்கு ஒரு அலை கிடைத்தது. முதலில் பத்து முறை விழுந்தாய். குட்டைப் பலகையில் சும்மா நிற்பதே வேலை, முழங்கால் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு பின்னால் ஒன்று திரண்டு வந்தது. மூன்றே துடுப்பு. நுரை பலகையை முழுக்க மூடியிருந்ததால், நீ வெறும் தண்ணீர்மேல் நின்று வருவதுபோல் இருந்தது. பின்னங்காலை அழுத்தினாய். பலகை அலையின் வயிற்றில் ஏறித் திரும்பி, மறுபடி இறங்கியது. கரைக்கு வந்து, "அம்மா பாத்திருந்தா சேசுநாதர்னு முழங்கால் போட்டிருக்கும்டா" என்றாய். அன்று நீ மூச்சு வாங்கவே இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அன்று நீ நன்றாகத்தான் இருந்தாய்.

ஜூலையில் குட்டையில் மறுபடி நிறுத்தினேன். தண்ணீர் பழைய கோட்டுக்கு மேலே நின்றது. முக்கால் விரல் இருக்கும்.

"தின்னு கொழுத்துட்டடா."

"எங்கடா தின்றேன்? பாதி இட்லிக்கு மேல இறங்க மாட்டேங்குது. அம்மா தினம் சண்டை போடுது."

பார்த்தேன். உன் முகம் ஒட்டித்தான் போயிருந்தது. இங்கேதான் நான் மூளையை உபயோகித்தேன். சாப்பாடு பாதியாகிவிட்டது, ஆகவே உன் எடை கூட வழியில்லை. எடை கூடவில்லை, ஆகவே பலகை தண்ணீர் குடிக்கிறது. எங்கோ மயிரிழை விரிசல். இதைவிடத் தெளிவான முடிவு ஒன்று இருக்க முடியுமா? கொட்டகையில் கோழி நிறுக்கிற தராசில் பலகையைத் தொங்கவிட்டேன். செய்த அன்று என்ன எடையோ அதே எடை. நூறு கிராம்கூட ஏறவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? பலகையை இறக்கிவிட்டு உன்னை ஏற்றியிருக்க வேண்டும். பக்கத்திலேயே தீவன மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு கிடந்தது. நீ அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தாய். முள் எங்கே நிற்கிறது என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்தக் கோழித் தராசு ஒட்டிக்கிச்சுடா, எதுக்கும் ஆகாது" என்று சொல்லிவிட்டுத் துளைக்கருவியை எடுத்துவந்து, பலகையின் வாலில் துளை போட்டேன். உள்ளே காய்ந்த தெர்மோகோல். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். துளையை அடைத்துவிட்டு, தெர்மோகோல் அமுங்கிவிட்டது என்றேன்.

கணுக்காலில் கட்டுகிற பட்டை உனக்கு எட்டவில்லை. பலகையையும் ஆளையும் சேர்த்துக் கட்டுகிற கயிற்றின் பட்டை அது. உப்புத்தண்ணீரில் சுருங்கிவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லி, பை தைக்கிறவரிடம் கொடுத்து நான்கு விரல் ஒட்டுப்போட்டு வாங்கிவந்தேன். கழற்றும்போது உன் கணுக்காலில் பட்டையின் அச்சு பள்ளமாக விழுந்து, வெகுநேரம் அப்படியே இருந்தது. நான் பட்டையைத்தான் பார்த்தேன்.

அப்பா பார்த்தார். கறிக்கோழி வளர்க்கிறவர், நான்காம் வகுப்புவரை படித்தவர். குட்டையிலிருந்து நீ மேடேறி வந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவர் என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை, உன் முன்னாலேயே சொன்னார்.

"ஏஞ்சாமி, பத்தடி ஏர்றதுக்கு இந்தத் தம்பிக்கு இப்படி மூச்சு வாங்குது? காலும் பொதபொதன்னு இருக்குது. கோழிக்கு வயித்துல தண்ணி கோத்துக்கிட்டா இப்படித்தான் நிக்கும். கொண்டையெல்லாம் நீலம் பூத்துரும். ஒருக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ கண்ணு."

"அவன் கோழி இல்லீங்கப்பா" என்றேன்.

நீ கொக்கரக்கோ என்று கூவிக் காட்டினாய். அப்பாவும் சிரித்துவிட்டார். கூவி முடித்ததும் இருமினாய். வெகுநேரம் இருமினாய்.

ஆகஸ்டில் மூன்றாவது கோடு. மேல்விளிம்பைத் தண்ணீர் தொட்டுவிட்டது. ஆனாலும் கடலுக்குப் போனோம். ஏன் போனோம்? ஐந்து மணி நேரப் பயணம் ஏற்பாடு செய்தாகிவிட்டது, அதுதான் காரணம். அன்று நீ ஒரு அலைகூட ஏறவில்லை. பலகைமேல் எழுந்து நிற்பாய், நான்கு துடுப்புப் போடுவாய், முழங்காலில் உட்கார்ந்துவிடுவாய். நான் கரையிலிருந்து கத்தினேன். "எந்திரிடா! உக்காரவா இவ்ளோ தூரம் வந்தோம்? துடுப்பை ஆழமாப் போடு!" நீ திரும்பி ஒரு கையைத் தூக்கிக் காட்டினாய். சரி என்கிறாய் என்று நினைத்தேன். பிறகு நீயாகவே கரைக்கு வந்து, ஈர மணலில் கால் நீட்டி உட்கார்ந்தாய். உதடு கறுத்திருந்தது. உப்பு, வெயில் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது வேனை நான் ஓட்டினேன். உன் வேனை நீ யாரிடமும் கொடுத்ததில்லை. அன்று சாவியை நீயாகவே நீட்டினாய். பின்னால் குழந்தைகள் உட்காருகிற குட்டி சீட்டில் சாய்ந்து படுக்கப் பார்த்து, முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாய். ஆத்தூர் தாண்டியதும் கேட்டாய்.

"படுத்தா நெஞ்சுல தண்ணி ஏர்ற மாதிரி இருக்குடா. ஒரு டாக்டரைப் பாக்கலாமா?"

"உனக்கு ஒன்னுமில்ல. பலகையிலதான் கோளாறு."

"நிஜமாவா?"

"நூறு சதவீதம். மிதக்காத பலகையில நின்னா எவனுக்கும் மூச்சு வாங்கும். அடுத்த மாசம் புதுசு செஞ்சு தரேன், பாரு. தூக்கிக்கிட்டுப் போகும்."

"அப்பச் சரி" என்றாய். கண்ணாடியில் பார்த்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

நான் எரிச்சலாக இருந்தேன். அதையும் எழுதிவைக்கிறேன். ஒரு நாள் வீணாகிவிட்டது என்ற எரிச்சல். உன்மேல்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை, புதுப் பலகைக்குத் தெர்மோகோல் அறுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, வேனை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங் மேல் தலை வைத்திருக்கிறாய். தூங்குகிறாய் என்று வாட்ச்மேன் அரைமணி நேரம் விட்டுவிட்டாராம். ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: இருதயம் வீங்கித் தளர்ந்து போயிருந்தது. ஒரு நாளில் வருவதல்ல, சில மாதமாக உடம்பு முழுக்க நீர் கோத்திருக்கிறது. காலில், வயிற்றில், கடைசியில் நுரையீரலில். பத்துப் பன்னிரண்டு கிலோ தண்ணீராகவே இருந்திருக்கும். முன்னாலேயே வந்திருந்தால் மாத்திரையிலேயே பெரும்பகுதியை இறக்கியிருக்கலாம் என்றார் அந்த டாக்டர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். "மூச்சுத் திணறல், கால் வீக்கம் எதுவுமே யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார். கவனித்தேன் சார். மாதாமாதம் அளந்து கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அதைச் சொல்லவில்லை.

இதுவரைக்கும் என் முட்டாள்தனம். முட்டாள்தனத்தோடு ஒருவன் எப்படியோ வாழ்ந்துவிடலாம். முப்பதாம் நாள் பூசை முடிந்து உன் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். உன் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வாரம் டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கி வச்சிருந்தான் தம்பி. என் தொந்தரவு தாங்காமதான். சனிக்கிழமை கடலுக்குப் போயிட்டு வந்தான் பாரு, வந்ததும் அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டான். 'நம்ம இஞ்சினியர் சொல்லிட்டாம்மா, எனக்கு ஒன்னுமில்லையாம், பலகையிலதான் கோளாறாம்'னு. எத்தனை நாளைக்கப்புறம் அன்னிக்கு அவன் முகத்துல சிரிப்பைப் பாத்தேன் தெரியுமா? நீ நல்லா இருக்கணும்பா. கடைசியா அவனைச் சந்தோஷமா வச்சிருந்தது நீதான்."

அந்த ஒரு வரி இதுதான். நீ போகவிருந்தாய். நான் தடுத்தேன்.

அவருக்கு இது தெரியாது. தான் சொன்னதன் அர்த்தம் அவருக்கே தெரியாது. நன்றி சொன்னார், அவ்வளவுதான். அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் சேலத்துக்கு பஸ் ஏறுகிறேன். எத்தனை முறை போய்விட்டேன். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். என் நெஞ்சில் கனம் குறையலாம். அவர் கையில் இருப்பது உன் கடைசிச் சிரிப்பு ஒன்றுதான், அதையும் பிடுங்கிக்கொண்டதாக ஆகும். சொல்லாமல் இருந்தால், ஒவ்வொரு முறையும் அவர் போடுகிற சோற்றை வாங்கித் தின்ன வேண்டும். இரண்டில் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. கணக்குப் போட்டு வருகிற விடையை நம்புகிற ஆளாகவும் நான் இப்போது இல்லை.

போன வாரம் வாயைத் திறந்தேவிட்டேன். தட்டில் சோறு இருந்தது. மீன் குழம்பு. "அம்மா, அந்தப் பலகை..." என்று ஆரம்பித்தேன். அவர் கரண்டியைப் பிடித்தபடியே நிமிர்ந்தார்.

"ஆமா, கேக்கணும்னே இருந்தேன் தம்பி. அந்தக் கோளாறு சரியாயிடுச்சா? அதை நினைச்சேதான் கவலைப்பட்டுக்கிட்டிருந்தான்."

"சரியாயிடுச்சும்மா" என்றேன்.

"நல்லது" என்று சொல்லி, இன்னும் இரண்டு கரண்டி குழம்பு ஊற்றினார்.